அவசரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒழுங்காக ஏற்றுவது எப்படி: சின்னக் கடை, ஆபீஸ், வீட்டுக் கணினிகளுக்கான முழுமையான வழிகாட்டி

நான்கைந்து கணினி, ஒரு பகிர்ந்த பிரிண்டர், டேலி கணக்கு மென்பொருள், ஒரு யூ.பி.எஸ்., முதலாளி கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன். கீழமாசி வீதி மொத்தக்கடையோ டவுன்ஹால் ரோட்டு ஜெராக்ஸ் கடையோ, மதுரையில் பெரும்பாலும் அமைப்பு இதுதான். இப்படிப்பட்ட இடத்தில் தனியாக ஐ.டி. ஆள் இருக்க மாட்டார். யாருக்குக் கொஞ்சம் கணினி தெரியுமோ அவர் தலையில்தான் விழும். அவருக்காகத்தான் இது.

விண்டோஸை விரிவாகச் சொல்லி, போனையும் லினக்ஸையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். நான் பார்த்தவரை புதியவர்கள் தடுமாறுவது எந்தப் பட்டனை அழுத்துவது என்பதில் இல்லை, எதை முதலில் செய்வது என்பதில்தான்.

1. வந்தது எந்த அப்டேட் என்று பாருங்கள்

"அண்ணே, தினமும் அப்டேட் ஏறிக்கிட்டுதான் இருக்கு, ஹிஸ்டரியைப் பாருங்க" என்பார்கள். திறந்து பார்த்தால் வரிசையாக நிற்பது எல்லாம் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் 'செக்யூரிட்டி இன்டெலிஜென்ஸ் அப்டேட்'. அது வைரஸ்களின் அடையாளப் பட்டியல், ஒரு நாளைக்குப் பல தடவைகூட வரும், ரீஸ்டார்ட் கேட்காது. விண்டோஸில் இருக்கிற ஓட்டையை அது அடைக்காது.

ஓட்டையை அடைப்பது 'குவாலிட்டி அப்டேட்ஸ்' என்ற தலைப்பில் வரும் மாதாந்திரத் தொகுப்பு. பெயரில் 'கியுமுலேட்டிவ் அப்டேட்' என்றோ 'செக்யூரிட்டி அப்டேட்' என்றோ இருக்கும். முந்தைய மாதங்களின் திருத்தங்கள் எல்லாம் இதற்குள்ளேயே இருப்பதால், மூன்று மாதம் விட்டுப்போன கணினிக்கும் கடைசியாக வந்த ஒன்றை ஏற்றினால் போதும். விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி இறக்க வேண்டாம்.

மூன்றாவது வகை டிரைவர் அப்டேட், அதாவது பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருளுக்கானது. ஆப்ஷனல் பட்டியலில் வந்தால், பிரச்சினை எதுவும் இல்லாதபோது தொடாதீர்கள். ஓடுகிற பிரிண்டரை நிறுத்தும் வேலை பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பிரவுசர் தனிக் கணக்கு. குரோம் 2023 ஆகஸ்டில் வந்த 116ஆம் பதிப்பிலிருந்து வாரம் ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறது. தானாக இறங்கும், ஆனால் குரோமை மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும். நாற்பது டேப் திறந்து வைத்து, வாரக்கணக்கில் மூடாமல் வேலை பார்ப்பவர்கள் பழைய ஓட்டையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2. அது எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மைக்ரோசாஃப்ட் வழக்கமான திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அது கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆகவே நம் ஊர்க் கடைகளுக்குப் புதன்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை காத்திருக்க முடியாத அளவுக்கு ஆபத்து என்றால் நடுவிலேயே அவசரத் திருத்தம் வரும். 2021 ஜூலையில் விண்டோஸின் பிரிண்ட் சேவையில் பெரிய ஓட்டை ஒன்று அம்பலமானது, பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கான திருத்தம் இரண்டாவது செவ்வாய்க்குக் காத்திருக்காமல் ஜூலை 6ஆம் தேதியே வந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தொகுப்பிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். உங்கள் கணினி அதைச் சரிபார்த்த பிறகுதான் ஏற்றும். நடுவில் எந்த சர்வர் வழியாக வந்தாலும், பக்கத்துக் கணினியிலிருந்தே வந்தாலும், யாராவது உள்ளே கைவைத்திருந்தால் கையொப்பம் பொருந்தாது. இதனால்தான் நெட்வொர்க்குக்குள் பகிர்ந்துகொள்வதில் பயமில்லை (5ஆம் படியில் இது உதவும்).

இன்னொரு விஷயம் இருக்கிறது. திருத்தம் வெளியான நிமிடத்திலிருந்து, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவர்களும் கண்டுபிடித்துவிடலாம். அதனால் அப்டேட் வந்த பிறகு தள்ளிப்போடுவது, வருவதற்கு முன் இருந்ததைவிட மோசமான நிலை. 2017 மே 12 அன்று உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை நுழைந்த ஓட்டைக்கு மார்ச் 14ஆம் தேதியே திருத்தம் வந்திருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஏற்றாமல் விட்டிருந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

3. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பேக்கப். டேலி டேட்டா ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். அப்டேட் உங்கள் ஃபைல்களை அழிப்பது அபூர்வம்தான், ஆனால் பழைய ஹார்டு டிஸ்க் நெடுநேரம் எழுதிப் படிக்கும்போது உயிரை விடுவது அபூர்வமில்லை.

பிட்லாக்கர் மீட்புச் சாவி. பலருக்குத் தங்கள் லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுவதே தெரியாது. அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும்போதுதான் தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியை எடுத்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதே கணினியில் நோட்பேடில் சேமித்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டின வீட்டுக்குள் சாவியை வைத்த கதைதான்.

விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் ஒன்று. 2025 அக்டோபர் 14 அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11இன் மீட்புத் திரையில் யூ.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. 20ஆம் தேதி அவசரத் திருத்தம் வந்தது. அந்த ஆறு நாளில் மாட்டியவர்களுக்குக் கணினிக்குள்ளேயே இருக்கும் மீட்பு வசதி பயன்படவில்லை, வெளியே ஒரு பென்டிரைவ் இருந்தவர் தப்பினார்.

டிஸ்க்கில் காலியிடம் 20 ஜிபியாவது வைத்துக்கொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் பாதியில் நின்று, ஒன்றும் புரியாத பிழை எண்ணைக் காட்டும்.

மின்சாரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தின நாளே பாருங்கள். யூ.பி.எஸ். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பிளக்கைப் பிடுங்கி ஒருமுறை சோதித்துவிடுங்கள். 'ஒர்க்கிங் ஆன் அப்டேட்ஸ்' என்று 30 சதவீதத்தில் நிற்கும்போது கரண்ட் போனால் பெரும்பாலும் விண்டோஸ் தானே பின்வாங்கிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எப்போதும் வரும் என்று எழுதித்தர முடியாது.

4. நாள் குறியுங்கள்

இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14க்கும் நடுவில்தான் விழும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டி விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 கடைசித் தேதி 11. இரண்டும் ஒரே வாரத்தில் மோதும். ஆடிட்டர் ஆபீஸ்களில் "இந்த வாரம் தொடாதீங்க தம்பி" என்று சொல்லுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்படியே அடுத்த படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தேதியான 20 வரை தள்ளி, அதற்கடுத்து மாதக்கடைசி வேலை வந்து, மறுபடி இரண்டாவது செவ்வாயே வந்துவிடும்.

நான் வைத்திருக்கும் முறை இது: புதன் காலை ஒரே ஒரு கணினியில் ஏற்றுவது, வியாழன், வெள்ளி அதைக் கவனிப்பது, சனி இரவு கடை சாத்தும்போது மற்றவற்றில் ஏற்றுவது. ஞாயிறு விடுமுறை, ஏதாவது சொதப்பினால் சரிசெய்ய ஒரு நாள் கிடைக்கிறது. 11ஆம் தேதி குறுக்கே வந்தால் சோதனைக் கணினியை மட்டும் அன்றே முடித்துவிட்டு மற்றதை அந்தச் சனிக்கு வைக்கலாம்.

ஓட்டையை ஏற்கெனவே யாரோ பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் இந்த அட்டவணை செல்லாது. அன்று இரவே எல்லாக் கணினியிலும் ஏற்றிவிட வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிடும் எச்சரிக்கைகளில் தீவிரம் எவ்வளவு என்றும் எந்தெந்தப் பதிப்புக்குப் பாதிப்பு என்றும் போட்டிருக்கும். வாட்ஸப் ஃபார்வர்டைப் பார்த்து முடிவெடுப்பதைவிட அதைப் பார்ப்பது நல்லது.

5. செட்டிங்ஸை ஒருமுறை சரியாக வையுங்கள்

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறங்கள். மேலேயே 'கெட் தி லேட்டஸ்ட் அப்டேட்ஸ் அஸ் சூன் அஸ் தே ஆர் அவைலபிள்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பெயரைப் பார்த்ததும் பாதுகாப்பு சீக்கிரம் வரும் என்று நினைத்து எல்லோரும் ஆன் செய்துவிடுவார்கள். அது பாதுகாப்பு அல்லாத புது வசதிகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் சுவிட்ச். பாதுகாப்புத் திருத்தம் அது ஆஃபில் இருந்தாலும் வரும். கடைக் கணினியில் ஆஃப் செய்துவிடுங்கள், மற்றவர்கள் சோதித்து முடிக்கட்டும்.

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே ஆக்டிவ் ஹவர்ஸ் இருக்கிறது, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகக் கூடாத நேரம் அது. அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். கடை திறப்பதற்கு அரை மணி முன்னால் தொடங்கி, சாத்திய பிறகு அரை மணி வரை வையுங்கள். இதை வைக்காமல் விட்டுத்தான், பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிவிட்டது என்று அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்தும் வழியை யூடியூபில் தேடுகிறார்கள்.

அதே பக்கத்தில் டெலிவரி ஆப்டிமைசேஷன். 'டிவைசஸ் ஆன் மை லோக்கல் நெட்வொர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சோதனைக் கணினியில் இறங்கியதை மற்றவை உள்ளேயே வாங்கிக்கொள்ளும். விண்டோஸ் 11இன் மாதத் தொகுப்பு ஒரு ஜிபியைத் தாண்டுவது சாதாரணம், ஐந்து கணினி ஒரே நேரத்தில் இறக்கினால் சின்ன பிராட்பேண்ட் இணைப்பு திணறிவிடும்.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் லேப்டாப்பை 'மீட்டர்டு' என்று குறித்திருந்தால் பெரிய அப்டேட் தானாக இறங்காது. டேட்டா மிச்சம் என்று ஒருநாள் வைத்துவிட்டு மறந்தவர்களிடம் ஆறு மாதப் பழைய விண்டோஸ் இருக்கும்.

6. ஒரே ஒரு கணினியில் முதலில்

சோதனைக்கு யாரும் தொடாத மூலைக் கணினியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் பிரிண்டரும் இருக்காது, டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் இருக்காது, எதுவும் உடையாது, உங்களுக்கு ஒன்றும் தெரியவும் வராது. தினம் வேலை நடக்கிற, ஆனால் அது நின்றால் கடை நிற்காத ஒன்றை எடுங்கள். டேலி டேட்டா இருக்கும் கணினி எப்போதும் கடைசி.

ஏற்றி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு இவற்றை உட்கார்ந்து பாருங்கள்: பகிர்ந்த பிரிண்டரில் ஒரு பில், டிஜிட்டல் கையொப்பம் போடும் யூ.எஸ்.பி. டோக்கன், ஆதார் கைரேகைக் கருவி இருந்தால் அது, நீங்கள் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு, இன்னொரு கணினியிலிருந்து டேலி திறக்கிறதா என்பது. அப்டேட்டால் வரும் தொல்லை நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான் தலைகாட்டும்.

பிரிண்டர் பற்றி ஒன்று. பிரிண்ட்நைட்மேரைத் தொடர்ந்து 2021 ஆகஸ்டிலிருந்து, பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை ஏற்ற அட்மின் உரிமை கேட்கும்படி மாற்றிவிட்டார்கள். திடீரென்று பாஸ்வேர்டு கேட்டால் எதுவும் கெட்டுவிடவில்லை. அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு டிரைவரை ஒருமுறை ஏற்றுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இணையத்தில் சொல்லும் மாற்றத்தைச் செய்து அந்தக் கேள்வியை நிறுத்தினால், அடைத்த ஓட்டையை நீங்களே திறக்கிறீர்கள்.

7. மற்ற கணினிகள், அப்புறம் ரீஸ்டார்ட்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள். கம்பெனி எவ்வளவு வேகமாக அனுப்பினாலும், ரீஸ்டார்ட் ஆகும்வரை கணினி பழைய கோப்புகளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நூறு சதவீதம் இறங்கிவிட்டது என்பதற்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரீஸ்டார்ட் இல்லாமலே ஓடும் கணினியில் திருத்தும் ஹாட்பேட்ச் என்ற வசதி விண்டோஸ் 11 என்டர்பிரைஸில் இருக்கிறது, அங்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் உண்டு. நம் கடைகளில் இருக்கும் ஹோம், ப்ரோ பதிப்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

"ராத்திரி தினமும் ஆஃப் பண்ணிட்டுதானே போறோம்" என்பார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், சி.பி.யு. என்று போய் 'அப் டைம்' என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் அணைக்கிற கணினியில் அது நாற்பது நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் அழுத்தினால் விண்டோஸ் தன் மையப் பகுதியான கெர்னலை முழுதாக மூடாமல் டிஸ்க்கில் உறங்கவைக்கிறது, காலையில் அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் முழுசாக மூடித் திறக்கும். பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும், ஆனால் இதுதான் நடப்பு.

அப்டேட் காத்திருக்கும்போது பவர் மெனுவில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்', 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று இரண்டு வரும். முதலாவதை அழுத்தி, உள்நுழையும் திரை வரும்வரை கூட இருங்கள். இரண்டாவதை அழுத்திவிட்டுப் போனால் சில கணினிகள் அணையாமல் மறுபடி எழுந்து காலைவரை ஓடின. 2025 அக்டோபர் கடைசியில் வந்த முன்னோட்ட அப்டேட்டில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது.

8. ஏறியதா என்று உறுதி செய்யுங்கள்

'யூ ஆர் அப் டு டேட்' என்ற பச்சை டிக்கை மட்டும் நம்பாதீர்கள். அப்டேட் பாஸில் (தற்காலிக நிறுத்தத்தில்) இருந்தாலோ, பதிப்பே ஆதரவு முடிந்துபோனதாக இருந்தாலோ அதை வைத்து முழுசாக முடிவு சொல்ல முடியாது. ஸ்டார்ட்டில் வின்வெர் (winver) என்று தட்டினால் சின்னப் பெட்டி ஒன்றில் பதிப்பும் பில்டு எண்ணும் வரும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் ஒரே பதிப்பு ஓடும் எல்லாக் கணினியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பெயர், பில்டு எண், தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் எது பின்தங்கியிருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பாக 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் டிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வராது.

9. ஏற்றிய பிறகு ஏதாவது கெட்டால்

முதலில் ஒருமுறை ரீஸ்டார்ட். விளையாட்டில்லை, பாதிப் புகார் இங்கேயே தீரும்.

தீரவில்லை என்றால், அப்டேட் ஹிஸ்டரியில் அந்த அப்டேட்டின் அடையாளமான கே.பி. (KB) எண்ணைக் குறித்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த் பக்கத்தில் அந்தப் பதிப்புக்குத் தெரிந்த கோளாறுகளின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் தற்காலிக வழியும் அங்கேயே இருக்கும்.

அன்இன்ஸ்டால் கடைசி ஆயுதம். தொகுப்பை எடுத்தால் அந்த மாதத்தின் மொத்தப் பாதுகாப்புத் திருத்தமும் கூடவே போய்விடும், உங்கள் பிரிண்டரைக் கெடுத்த ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த ஒரு கணினியில் மட்டும் எடுத்து, ஒரு வாரம் மட்டும் பாஸ் வையுங்கள். விண்டோஸ் 11இல் ஐந்து வாரம் வரை அனுமதிக்கும் என்பதற்காக ஐந்தையும் வைக்க வேண்டியதில்லை. தீபாவளி வியாபாரத்துக்காக விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் பாஸ் போடுவது வழக்கம்தான், அப்போது எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

10. போன்கள்

ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு இரண்டு வழியாக வருகிறது. போன் கம்பெனி அனுப்பும் சிஸ்டம் அப்டேட் ஒன்று, கூகுள் நேரடியாக அனுப்பும் 'கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்' இன்னொன்று. இரண்டாவது ஆண்ட்ராய்டு 10 முதல் இருக்கிறது, போன் கம்பெனிக்காகக் காத்திருக்காது, ஆனால் ரீஸ்டார்ட் கேட்கும். மாதக்கணக்கில் அணைக்காத போனில் அது இறங்கி அப்படியே உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'செக்யூரிட்டி பேட்ச்' என்று தேடினால் தேதி வரும். 5 என்று முடியும் தேதி, 1 என்று முடிவதைவிட முழுமையானது: சிப் தயாரிப்பாளர்களின் திருத்தங்களும் கெர்னல் திருத்தங்களும் அதில் சேர்ந்திருக்கும். அந்தத் தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால், ஜிபே ஓடுகிற, பேங்க் ஓடிபி வருகிற போனாக அதை வைத்திருக்காதீர்கள்.

ஐபோனில் ஜெனரல், சாஃப்ட்வேர் அப்டேட், ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் எல்லாவற்றையும் ஆன் செய்யுங்கள். இரவில் சார்ஜில், வைஃபையில், பூட்டிய நிலையில் இருந்தால்தான் தானாக ஏறும். முழு அப்டேட்டுக்குக் காத்திருக்காத குட்டித் திருத்தங்களை ஆப்பிள் 2023 மே 1 முதல் அனுப்பத் தொடங்கியது, பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து வரும். அதே ஆண்டு ஜூலையில் அந்த எழுத்தையே புரிந்துகொள்ளாமல் சில இணையதளங்கள் திறக்க மறுக்க, ஆப்பிள் அந்தத் திருத்தத்தைத் திரும்ப எடுத்து, இரண்டு நாளில் வேறொன்றை அனுப்பியது. இவை சமீபத்திய ஐஓஎஸ் பதிப்புக்கு மட்டும்தான் வரும், ஆகவே பெரிய அப்டேட்டைத் தள்ளிப்போடுபவருக்குக் குட்டி அப்டேட்டும் கிடையாது. ஐஓஎஸ் 26.1 முதல் இதற்கான சுவிட்ச் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய்விட்டது.

போனிலோ கணினியிலோ, அப்டேட் என்று ஏ.பி.கே. ஃபைல் (ஆண்ட்ராய்டு ஆப்பை ஏற்றும் ஃபைல்) வாட்ஸப்பில் வந்தால் அது அப்டேட் இல்லை. பிரவுசரில் முழுத்திரையாக விண்டோஸ் அப்டேட் ஓடுவதுபோல் காட்டி, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, வரும் பெட்டியில் எதையாவது ஒட்டச் (பேஸ்ட் செய்யச்) சொன்னால் அதுவும் இல்லை. உண்மையான அப்டேட் எதையும் ஒட்டச் சொல்லாது.

11. உபுண்டு, பாஸ் லினக்ஸ்

உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படிதான் வருகிறது. 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' திறந்து, அப்டேட்ஸ் பக்கத்தில் பாதுகாப்பு அப்டேட்டுக்கு 'டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால் ஆட்டோமேட்டிகலி' இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கெர்னல் மாறினால் இங்கும் ரீஸ்டார்ட் வேண்டும். லைவ்பேட்ச் வசதியை ஐந்து கணினி வரை தனிநபர் இலவசமாகப் பயன்படுத்தலாம், கடுமையான கெர்னல் ஓட்டைகளை ஓடும்போதே அடைக்கும். இந்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் (BOSS) லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பழைய பதிப்பு வைத்திருந்தால் முதலில் பதிப்பை ஏற்றுங்கள், ஆதரவு முடிந்த பதிப்பில் அப்டேட் பட்டனுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

12. ஏற்றவே முடியாத கணினி

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளில் பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் ஓடும் விண்டோஸ் 7 கணினி ஒன்று கட்டாயம் இருக்கும். அதை மாற்றச் சொன்னால் இருபது வருட டிசைன் ஃபைல் எல்லாம் என்ன ஆவது என்று கேட்பார்கள், கேட்பது சரிதான். மாற்ற வேண்டாம், நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபை அடாப்டரையும் எடுத்துவிடுங்கள். பிரிண்டருக்கு யூ.எஸ்.பி. கேபிள் நேராகப் போகட்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை முதலில் அப்டேட் ஆன கணினியில் செருகி, ஸ்கேன் செய்து, வேண்டிய ஃபைலை மட்டும் கடையின் சொந்தப் பென்டிரைவில் மாற்றி எடுத்துப் போங்கள். அந்தப் பழைய கணினியில் மெயில், பேங்க் எதுவும் திறக்கக் கூடாது என்று மானிட்டர் மேலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.